தெருப் பலகையில் ஓடும் ஆறு: லண்டனிலிருந்து யார்க் வரை ஐந்து நாள்

முதல் நாள்: பள்ளத்து ஓடை

லண்டனுக்கு வந்து நான்கு நாள் ஆயிற்று. எல்லோரும் பார்க்கச் சொல்லி அனுப்பிய இடங்களை அண்ணன் காட்டி முடித்துவிட்டார். இன்று எனக்கு வேண்டியதைக் கேட்டேன். ஒரு ஆறு.

“ஆறா? தேம்ஸை முந்தாநாளே பார்த்தாச்சேம்மா.”

“அது இல்லண்ணா. ஃப்ளீட்.”

“ஃப்ளீட் ஸ்ட்ரீட்டா? அங்க இப்ப பத்திரிகை ஆபீஸ் எல்லாம் காலி பண்ணிட்டுப் போயாச்சே.”

தெருவைச் சொல்கிறார், ஆற்றைச் சொல்லவில்லை. முப்பது வருடமாக இங்கே இருப்பவருக்கும் அந்தப் பெயரில் தண்ணீர் இருப்பது தெரியவில்லை. பழைய ஆங்கிலத்தில் ‘ஃப்ளியோட்’ என்றால் ஓதம் ஏறி இறங்கும் கழி. ஹாம்ஸ்டெட் மேட்டில் ஊற்றெடுத்து, நகரத்தின் மேற்கு மதிலை ஒட்டி ஓடி, பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்தருகே தேம்ஸில் கலந்த ஆறு அது. இப்போதும் கலக்கிறது, பாலத்தடியில் ஒரு குழாய் வாய் வழியாக.

நான் இருபத்திரண்டு வருடமாகப் பள்ளியில் புவியியல் நடத்துகிறேன். சம உயரக் கோடு போட்டே கை பழகிவிட்டது. எந்த ஊருக்குப் போனாலும் மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்றுதான் முதலில் பார்ப்பேன். கல்லும் கண்ணாடியுமாக மூடிக் கிடக்கும் லண்டனில் அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தெருப் பெயர்கள் சொல்லும். அவற்றைப் பிடித்துக்கொண்டு ஐந்து நாள் நடப்பது, அன்றன்று பார்த்ததை இரவில் எழுதிப் போடுவது என்று முடிவு.

ஹோபர்னில் தொடங்கினோம். ‘ஹோல்’ என்றால் குழிவு, ‘பர்ன்’ என்றால் ஓடை. பள்ளத்து ஓடை. ஃப்ளீட்டின் மேல்பகுதிக்கு ஒரு காலத்தில் இதுதான் பெயர். ஆனால் கிழக்கே நடக்க நடக்கப் பள்ளமே வரவில்லை, தெரு சமமாகவே போனது. “எங்கம்மா பள்ளம்?” என்று அண்ணன் கேட்டார். இன்னும் கொஞ்சம் நடந்ததும் இரு பக்கமும் இரும்புக் கைப்பிடி வந்தது. எட்டிப் பார்த்தால் கீழே இன்னொரு சாலை. அதில் பஸ் போகிறது, சைக்கிள் போகிறது. ஹோபர்ன் வையடக்ட் என்ற இந்த மேம்பாலத்தை விக்டோரியா ராணி 1869-இல் திறந்துவைத்தார். அதுவரை குதிரை வண்டிகள் ஒரு சரிவில் இறங்கி, எதிர்ச் சரிவில் மூச்சு வாங்கி ஏறின. கீழே ஓடும் ஃபாரிங்டன் ஸ்ட்ரீட்தான் ஆறு. நாங்கள் நின்றது அதன் மேலே போட்ட பாலம்.

பக்கத்துக் கட்டடத்துக்குள் இருந்த படிக்கட்டில் இறங்கினோம். அண்ணனுக்கு முழங்கால் வலி. கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கினார். கீழே வந்து நிமிர்ந்து பார்த்து, “இவ்வளவு ஆழமா?” என்றார். தினமும் மேலே பஸ்ஸில் போனவர்.

அப்புறம் பெயர்கள் தாமாகவே வரத் தொடங்கின. ஆற்றோரம் ஸீகோல் லேன்: நியூகாசிலிலிருந்து கப்பலில், கடல் வழியாக வந்த நிலக்கரி இறங்கிய சந்து. கடலே இல்லாத இடத்தில் கடற்கரி என்று பெயர் நிற்கிறதென்றால், படகு இதுவரை வந்திருக்கிறது என்று பொருள். வடக்கே டர்ன்மில் ஸ்ட்ரீட். அங்கே இந்த ஆறுதான் ஆலைச் சக்கரங்களைச் சுற்றியது. எதிர்க்கரை ஏற்றத்தில் ஸாஃப்ரன் ஹில். ஈலி பிஷப்பின் தோட்டத்தில் குங்குமப்பூ விளைந்த சரிவு. ஆலை பள்ளத்தில், பூ மேட்டில். பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பள்ளத்தாக்கின் குறுக்குவெட்டை நான் வகுப்பில் வரைந்துவிடுவேன்.

கிளர்க்கன்வெல் என்பது குருமார் கிணறு. லண்டன் தேவாலயப் பங்குகளின் எழுத்தர்கள் இங்கே கூடி வேத நாடகம் நடத்தினார்கள். கிணறு மறைந்து, மறந்தே போய், 1924-இல் ஒரு கட்டட வேலையின்போது திரும்பக் கிடைத்தது. ஃபாரிங்டன் லேனில் கண்ணாடி வழியாக அதைப் பார்க்கலாம்.

கடைசியாக ரே ஸ்ட்ரீட். ஒரு மதுக்கடைக்கு முன்னால், சாலை நடுவே ஒரு இரும்புக் கம்பிமூடி. வண்டி வராத நேரம் பார்த்துக் குனிந்தேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு லாரி கடந்து போய்ச் சத்தம் அடங்கியதும் கேட்டது: சளசளவென்று ஓடை ஓட்டம், ஆழத்தில், நிற்காமல். அண்ணனும் குனிந்தார். ஒரு நிமிடம் பேசவில்லை. “ஓடுதும்மா” என்றார்.

நெருப்பில் அழிந்த நகரத்தைத் திரும்பக் கட்டியபோது கிறிஸ்டோபர் ரென் இந்த ஆற்றைக் கால்வாயாக வெட்டிச் சீர் செய்தார், 1674-க்குள். ஆனாலும் குப்பை விழுந்துகொண்டே இருந்தது. 1733-இல் ஒரு பகுதியை மூடினார்கள், 1766-இல் தேம்ஸ் வரை மீதியையும். அதற்கப்புறம் அது சாக்கடைதான். 1862-இல் உலகின் முதல் சுரங்க ரயில் பாதையை இந்தப் பள்ளத்தில் வெட்டிக்கொண்டிருந்தபோது, சுவரை உடைத்துக்கொண்டு வேலை நடந்த இடம் முழுக்கப் பாய்ந்தது. எனக்கு அதில் ஒரு நிறைவு உண்டு. மூடினால் ஆறு போய்விடாது.

இரண்டாம் நாள்: சந்தையும் சதுப்பும்

இன்று பழைய நகரத்துக்குள், அதாவது இங்கே ‘சிட்டி’ என்று சொல்லும் ஒரு காலத்தில் மதில் சூழ்ந்திருந்த சதுர மைலுக்குள் நடந்தோம்.

சீப்சைடில் ‘சீப்’ என்பதை மலிவு என்று எடுத்துக்கொண்டால் தப்பு. பழைய ஆங்கிலத்தில் ‘சேயப்’ என்றால் வாங்கல் விற்றல், சந்தை. சந்தையைச் சுற்றி எது எங்கே விற்றதோ அதுவே சந்தின் பெயர்: பிரட் ஸ்ட்ரீட், மில்க் ஸ்ட்ரீட், ஹனி லேன், வுட் ஸ்ட்ரீட், அயர்ன்மாங்கர் லேன். கோழி விற்ற தெருவுக்கு இன்றும் பௌல்ட்ரி என்றே பெயர், பின்னால் ‘ஸ்ட்ரீட்’ கூடக் கிடையாது. இப்போது கோழியும் இல்லை, பாலும் இல்லை. கோட்டு போட்டவர்கள் சான்ட்விச் பொட்டலத்தோடு விரைகிறார்கள்.

பக்கத்திலேயே ஓல்ட் ஜூரி. இந்தப் பெயரை நான் வேகமாகக் கடக்க முடியவில்லை. யூதர்கள் வாழ்ந்த தெரு. 1290-இல் முதலாம் எட்வர்ட் இங்கிலாந்தின் யூதர் அத்தனை பேரையும் நாட்டைவிட்டு வெளியேற்றினான். மூன்றரை நூற்றாண்டுக்கும் மேல் அவர்கள் வெளிப்படையாக இங்கே வாழ முடியவில்லை. வீடு போனது, ஜனம் போனது, பெயர் நின்றது, அதுவும் ‘பழைய’ என்ற முன்சொல்லோடு. ஆளை விரட்டியவர்கள் தெருப் பெயரை விரட்ட நினைக்கவில்லை போலும்.

பௌல்ட்ரியிலிருந்து வால்புரூக் தெருவுக்குத் திரும்பியதும் கால் முன்னால் இழுக்கிறது, சரிவு. ‘வால்’ என்பதை மதில் என்று நினைப்பார்கள். அது பிரித்தானியரை ஆங்கிலேயர் அழைத்த பெயர். பிரித்தானியரின் ஓடை. நகரத்தின் நடுவே ஓடி, மேற்கில் லட்கேட் ஹில், கிழக்கில் கார்ன்ஹில் என்று ஊரை இரண்டு குன்றாகப் பிரித்த ஓடை அது. 1954-இல் இதன் கரையில் ரோமானியர் மித்ராஸ் என்ற கடவுளுக்குக் கட்டிய கோயில் வெளிப்பட்டது. இன்று ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தின் அடியில், ஏழு மீட்டர் ஆழத்தில் போய்ப் பார்க்கலாம். படி இறங்கும் சுவரிலேயே எந்தக் காலத்தில் தரை எந்த மட்டத்தில் இருந்தது என்று குறித்திருக்கிறார்கள். அதுதான் எனக்குக் கோயிலைவிடப் பிடித்தது. ஊர் தன் குப்பையின் மேலேயே ஏறி நின்று ஏழு மீட்டர் வளர்ந்திருக்கிறது.

அங்கே ஓடைச் சேற்றில் நானூறுக்கு மேல் மரப்பலகைகள் கிடைத்தன, மெழுகு பூசி எழுதியவை. அதில் ஒன்று கி.பி. 57-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் தேதியிட்ட கடன் பத்திரம். மரம் எப்படி ஈராயிரம் வருடம் நின்றது? ஈரம்தான் காரணம். காற்றுப் புகாத சேற்றில் மக்க வைக்கும் கிருமி வேலை செய்யாது. ஓடை ஓடிய இடம் என்பதால்தான் எழுத்து பிழைத்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், யார்க்கில் திரும்ப வரும்.

வடக்கே மூர்கேட். ‘மூர்’ என்றால் சதுப்பு. ரோமானியர் கட்டிய மதில் வால்புரூக் ஓடையைக் குறுக்கே மறித்தது, தண்ணீர் வெளியே தேங்கியது, மூர்ஃபீல்ட்ஸ் உருவானது. பனிக்காலத்தில் அந்தச் சதுப்பு உறையும்போது இளைஞர்கள் விலங்கின் கால் எலும்பைப் பாதத்தில் கட்டிக்கொண்டு சறுக்கி விளையாடினார்கள் என்று 12-ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஃபிட்ஸ்டீஃபன் எழுதிவைத்திருக்கிறார். இன்று அங்கே சுரங்க ரயிலுக்கு இறங்கும் படிக்கட்டு.

தெற்கே ஆற்றை நோக்கி இறங்கினால் கார்லிக் ஹில், அதன் அடியில் க்வீன்ஹைத். ‘ஹைத்’ என்றால் துறை, ராணித் துறை. பூண்டு வந்து இறங்கிய மேடு கார்லிக் ஹில். ‘ஹில்’ என்று பெயர் சொன்னபடியே நல்ல இறக்கம்.

புட்டிங் லேன் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இனிப்புப் பண்டம் இல்லை. அந்தக் காலத்தில் ‘புட்டிங்’ என்றால் குடல், ஈரல், கழிவு. ஈஸ்ட்சீப் கசாப்புக் கடைகளிலிருந்து வண்டியில் ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள். 1666 செப்டம்பர் 2-ஆம் தேதி அதிகாலை இந்தச் சந்தின் ஒரு ரொட்டிக் கடையில் பிடித்த தீ நான்கு நாளில் நகரத்தையே தின்றது. நினைவுத் தூண் 202 அடி உயரம். தீ தொடங்கிய இடத்துக்கும் தூணுக்கும் இடையே அதே 202 அடி தூரம்.

அதற்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். ஊரையே நேர்கோடாகத் திருத்தி அமைக்க ரென்னும் மற்றவர்களும் வரைபடம் கொடுத்தார்கள். எதுவும் ஏறவில்லை. மனைக்காரர்கள் தங்கள் தங்கள் சாம்பலில் வந்து நின்றார்கள். ராபர்ட் ஹூக் முதலான அளவையாளர்கள் கம்பு நட்டுப் பழைய தெருக் கோட்டையே திரும்ப அளந்து கொடுத்தார்கள். சிலவற்றை அகலப்படுத்தினார்கள், கிங் ஸ்ட்ரீட், க்வீன் ஸ்ட்ரீட் என்று புதிதாக இரண்டைத் திறந்தார்கள். அழகான வரைபடம் ஜெயித்திருந்தால் நான் இன்று நடந்த நடையே இல்லை.

திரும்பும் வழியில் லெடன்ஹால் ஸ்ட்ரீட். ஈயக் கூரை போட்ட மண்டபத்தின் பெயர். இங்கே நின்ற கிழக்கிந்திய மாளிகையிலிருந்துதான் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குக் கடிதம் போகும், அங்கிருந்து கணக்கு வரும். 1861-இல் இடித்துவிட்டார்கள். அந்த மனையில் இப்போது குழாய்கள் வெளியே தெரியும் லாயிட்ஸ் கட்டடம். என் ஊர்க்காரர்களின் வரியையும் உப்பையும் பற்றி முடிவெடுத்த இடத்துக்கு இங்கே ஒரு சந்தின் பெயர்கூட என் கண்ணில் படவில்லை. எனக்கு அது சரியாகப் படவில்லை.

ஒரு சின்னச் செய்தி: 1994-இல் எல்லையைத் திருத்தும்வரை இந்தச் சதுர மைலுக்குள் ‘ரோடு’ என்று முடியும் பெயர் ஒன்றுகூட இல்லை. ஸ்ட்ரீட், லேன், ஆலி, கோர்ட், ஹில்தான். ரோடு என்ற சொல் சாலை என்ற பொருளில் புழங்க வருவதற்கு முன்னாலேயே இங்கே பெயரெல்லாம் வைத்து முடித்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள்: கேட் என்றால் கதவு இல்லை

கிங்ஸ் கிராஸில் ரயில் ஏறினேன். நான்காம் ஜார்ஜுக்கு 1830-இல் வைத்த நினைவுச் சின்னத்தால் வந்த பெயர். 1845-இலேயே அதை இடித்துவிட்டார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்கு முன் இந்த இடம் பேட்டில் பிரிட்ஜ். போர் நடந்த பாலம் என்று நினைத்து, ரோமானியரை எதிர்த்த பூடிக்கா ராணி இங்கேதான் போரிட்டாள், பிளாட்பாரத்துக்கு அடியில் புதைந்திருக்கிறாள் என்றெல்லாம் கதை உண்டு. பழைய எழுத்தில் பார்த்தால் ‘பிராட்ஃபோர்ட் பிரிட்ஜ்’, அகலமான இறங்குதுறைப் பாலம். எந்த ஆற்றின் மேலே? அதே ஃப்ளீட். கேட்டதும் சந்தோஷமாக இருந்தது. பெயரைக் காதால் மட்டும் கேட்டு நம்பினால் ராணி வருவாள். பழைய எழுத்தையும் தரையையும் பார்த்தால் தண்ணீர் வரும்.

இரண்டு மணி நேரத்தில் வட இங்கிலாந்தின் யார்க். அண்ணன் மகள் இங்கே படிக்கிறாள். ஸ்டேஷனில் வந்து பையை வாங்கிக்கொண்டாள்.

“அத்தை, மதில் மேல நடக்கலாமா, இல்ல சாப்பிடலாமா?”

“எந்த கேட் வழியா உள்ள போறோம்?”

“இங்க கேட்னா கேட் இல்ல அத்தை.”

அதேதான். லண்டனில் லட்கேட், ஆல்ட்கேட், மூர்கேட் என்றால் உண்மையான மதில் வாசல்கள். 18-ஆம் நூற்றாண்டில் இடித்தார்கள். பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த ‘கேட்’ அது. யார்க்கை 866-இல் டேனியர், அதாவது வைகிங்குகள், பிடித்தார்கள். அவர்கள் மொழியில் ‘காட்டா’ என்றால் தெரு. அதுதான் இங்கே ‘கேட்’ ஆயிற்று. அப்படியானால் வாசலை என்னவென்று சொல்வார்கள்? ‘பார்’. மிக்கில்கேட் தெருவின் வாசல் மிக்கில்கேட் பார். ஒரே எழுத்து, இரண்டு மொழி, இரண்டு பொருள். ‘கேட்’ என்று முடியும் தெருக்கள் லெஸ்டர், நாட்டிங்ஹாம், லிங்கன், யார்க் என்று டேனியர் ஆண்ட பகுதியில்தான் கொத்துக் கொத்தாக வருகின்றன. அந்த ஆட்சியின் எல்லையைத் தெருப் பலகைகளை எண்ணியே ஏறக்குறையக் கோடு போட்டுவிடலாம்.

ஊர்ப் பெயரிலேயே இந்த அடுக்கு தெரிகிறது. ரோமானியர் கி.பி. 71-இல் முகாமிட்டு எபோராக்கம் என்றார்கள்; யூ மரங்கள் உள்ள இடம் என்ற கெல்ட்டியப் பெயர் அதற்குள் இருக்கிறது. பின்னால் வந்த ஆங்கிலேயர் காதுக்கு அது ‘எயோஃபர்’, காட்டுப்பன்றி, என்று கேட்டது, எயோஃபர்விக். டேனியர் வாயில் யோர்விக். அது தேய்ந்து யார்க்.

மிக்கில்கேட் என்றால் பெரிய தெரு. வாசலுக்குள் நுழைந்ததும் இறக்கம், இறங்கும்போதே தெரு வலப்பக்கமாக வளைகிறது. நேராகப் போயிருக்கலாமே, ஏன் வளைய வேண்டும்? ரோமானியர் பாலம் ஊஸ் ஆற்றில் இன்னும் மேலே, ஸ்டோன்கேட்டுக்கு நேராக இருந்தது. அது போய், பாலம் கீழ்ப்பக்கம் மாறியதும் ஜனங்கள் புதுப் பாலத்தை நோக்கி நடந்தார்கள். நடந்த தடமே தெருவானது. பாலத்தின் மேல் நின்று திரும்பிப் பார்த்தால் அந்த வளைவு, மாட்டு வண்டி ஒடித்துத் திரும்பிய தடம் மாதிரியே இருக்கிறது.

பாலம் தாண்டினால் நெஸ்கேட். ‘நெஸ்’ என்றால் நீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலமூக்கு. ஊஸ் ஆறும் ஃபாஸ் ஆறும் கூடுகிற முனை அது.

அதையொட்டிக் காப்பர்கேட். செம்பு இல்லை. பழைய நார்ஸ் மொழியில் ‘கோப்பாரி’ என்றால் மரத்தில் கிண்ணம் கடைபவர்கள். இதைச் சொல்வது வெறும் சொல்லாராய்ச்சிதான் என்று யாராவது சொல்லியிருக்கலாம், 1976 வரை. அந்த வருடம் இங்கே தோண்டத் தொடங்கினார்கள், 1981 வரை தோண்டினார்கள். ஈர மண்ணில் வீட்டுச் சுவர்ப் பலகைகள், தோல் செருப்புகள், ஒரு கம்பளிக் காலுறை, அவற்றோடு கிண்ணம் கடைந்தபோது நடுவில் மிஞ்சும் மரக்குமிழ்கள் குவியலாக! ஆயிரம் வருடத்துக்கு முந்தைய கடைசல் பட்டறைக் கழிவு. பெயர் சொன்னதை மண் சாட்சி சொல்லியது.

அந்த இடத்தின் கீழேயே இருக்கும் யோர்விக் காட்சியகத்தில் ஒரு குமிழைக் கண்ணாடிக்கு மிக அருகில் நின்று பார்த்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்தால் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பம்பரம் மாதிரி நடுவில் பருத்து, ஓரத்தில் உளி சுற்றிய வரிகள். ஒரு வரி மற்றவற்றைவிடச் சற்று ஆழம். கை அழுந்திய இடம். எலும்புச் சறுக்குக்காலும் இங்கே கிடைத்திருக்கிறது. லண்டன் சதுப்பில் சறுக்கிய அதே விளையாட்டு, இங்கே இந்த ஈர ஊரிலும்.

நான்காம் நாள்: முயலும் திராட்சையும்

மழை. குடையோடு ஊருக்குள் சுற்றினோம்.

ஷாம்பிள்ஸ் தெருவில் கூட்டம் தாங்க முடியவில்லை. படம் எடுக்க வருகிறவர்கள் மேலே பார்க்கிறார்கள்; மாடிகள் எதிரெதிரே முன்னுக்குத் தள்ளிக்கொண்டு கிட்டத்தட்ட முட்டுகின்றன. நான் ஜன்னல்களின் அடியைப் பார்த்தேன். கடைக்கு வெளியே நீட்டிய அகலமான பலகை, அதற்கு மேலே வரிசையாக இரும்புக் கொக்கி. இது கசாப்புத் தெரு. ‘ஷாமல்’ என்றால் கறியை விரித்து வைக்கும் பலகை, அதுதான் பெயர். மாடி முன்னே வந்ததால் கறி மேல் வெயில் படாது. நடுத்தளம் தாழ்ந்து, இரண்டு ஓரமும் நடைபாதை உயர்ந்திருக்கிறது. கழுவி விட்ட ரத்தம் நடுவே ஓடிப் போகும்படி. இன்று அந்தத் தாழ்விலேயே மழைத் தண்ணீர் ஓடியது.

“இதுதான் அத்தை உங்களுக்குப் பிடிச்சிருக்கும்னு நினைச்சேன்” என்றாள். பிடித்தது, கூட்டம் குறைவாக இருந்திருந்தால் இன்னும் பிடித்திருக்கும்.

ஏமாற்றும் பெயர்கள் இங்கே நிறைய. கோனி ஸ்ட்ரீட்டில் ‘கோனி’ என்றால் ஆங்கிலத்தில் முயல். ஆனால் பழைய எழுத்தில் ‘குனிங்’, அரசன். ராஜவீதி! கிரேப் லேனில் திராட்சைக் கொடி எதுவும் வளரவில்லை. தாசித் தொழில் நடந்த சந்துக்கு ஊரார் பச்சையாக வைத்த பெயர், பின்னால் வந்தவர்கள் நாக்கூசித் தேய்த்துத் திராட்சை ஆக்கிவிட்டார்கள். ஃபீஸ்கேட் மாட்டுக் கொட்டில் தெரு, ஸ்வைன்கேட் பன்றித் தெரு, இவை மறைக்கவில்லை. ஸ்டோன்கேட்டும் மறைக்கவில்லை: கல் தெரு, பெரிய தேவாலயத்துக்குக் கல் போன வழி என்றும் சொல்வார்கள். அதன் அடியில் ரோமானியர் முகாமின் பிரதான பாதை கிடக்கிறது, பீட்டர்கேட்டின் அடியில் அதன் குறுக்குப் பாதை. மேலே எத்தனை மொழி மாறினாலும் கால் அதே தடத்தில்தான் நடந்திருக்கிறது.

இந்த ஊரில் ஆகச் சின்னத் தெருவுக்கு ஆகப் பெரிய பெயர்: விப்-மா-வாப்-மா-கேட். சவுக்கடி கொடுத்த இடம் என்று கதை சொல்வார்கள். 1505-இல் அதன் பெயர் விட்நவர்வாட்நவர்கேட் என்று சுவரில் பலகை இருக்கிறது. ‘இதுவும் ஒரு தெருவா!’ என்று பொருள். ஐந்நூறு வருடத்துக்கு முன் யாரோ சலித்துக்கொண்டது நிரந்தர முகவரியாகிவிட்டது. இந்தத் தெருவை முப்பத்தைந்து எட்டில் கடந்தேன்.

ஐந்தாம் நாள்: தீவு இல்லாத தீவுச் சாலை

காலையில் மழை விட்டது. மதில் மேல் ஏறி வடகிழக்காக நடந்தோம். ஒரு இடத்தில் மதில் அப்படியே நின்றுவிடுகிறது. படி இறங்கினால் சாலை, கார் நிறுத்துமிடம், பெரிய பெரிய கடைகள். கொஞ்ச தூரம் போனதும் செங்கல்லில் கட்டிய ஒரு குட்டைக் கோபுரத்தில் மதில் மறுபடி தொடங்குகிறது.

“இடிச்சுட்டாங்களா அத்தை?”

“இல்ல. கட்டவே இல்ல.”

சாலையின் பெயர் ஃபாஸ் ஐலண்ட்ஸ் ரோடு. ஃபாஸ் தீவுச் சாலை. சுற்றிலும் தார்தான். வட இங்கிலாந்தை அடக்க வந்த முதலாம் வில்லியம், கோட்டையருகே ஃபாஸ் ஆற்றுக்குக் குறுக்கே அணை போட்டான். தண்ணீர் பின்னால் ஏறி, இந்தப் பக்கமெல்லாம் ஏரியாகிவிட்டது. அரசன் மீன்குளம் என்று பெயர். ஆலைகளும் விளைநிலமும் அந்தக் குளத்தில் மூழ்கிப்போனதை 1086 கணக்கெடுப்பே பதிவு செய்திருக்கிறது. அந்த நீர்ப்பரப்பும் சேறுமே காவல் என்பதால் இங்கே மதில் தேவைப்படவில்லை. நூற்றாண்டுகளில் வண்டல் படிந்து குளம் தூர்ந்தது, நடுவில் திட்டுகள் எழும்பின, அவைதான் தீவுகள். அப்புறம் அதுவும் நிரம்பித் தரையானது, சாலை வந்தது. பக்கத்தில் பீஸ்ஹோம் கிரீன்: ஈர நிலத்தில் பட்டாணி போட்ட மேடு.

கார் நிறுத்துமிடத்தின் ஓரமாக நின்று அவளுக்குக் கையால் காட்டினேன். இங்கே கரை, அங்கே திட்டு, அதோ மதில் முனையில் காவல்காரன் நின்று நாணலைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஐந்து நாளில் எனக்கு ஆகப் பிடித்த இடம் இதுதான். பார்க்க ஒன்றுமே இல்லை. பெயரும் ஒரு மதில் இடைவெளியும் மட்டும் சேர்ந்து ஒரு ஏரியையே எழுப்பிக் காட்டுகின்றன. இந்த மாதிரிப் பெயர்களை மாற்றிவிட்டு யாரோ பிரமுகர் பெயரை வைக்கிற ஊர்கள் எதை இழக்கின்றன என்று அதிகாரிகள் யோசிக்க வேண்டும். பிரமுகர் பெயர் வெள்ளம் எந்த வழியாக வரும் என்று சொல்லாது.

இங்கே வெள்ளம் வருகிறது. 2015 டிசம்பர் 26-ஆம் தேதி ஃபாஸ் ஆறு பொங்கி, அதன் ஓரத்து வீடுகள் நூற்றுக்கணக்கில் மூழ்கின. ஊஸ் ஆறு 2000 நவம்பரில் வழக்கமான மட்டத்தைவிட 5.4 மீட்டர் உயர்ந்தது. மாலையில் கிங்ஸ் ஸ்டெய்த்துக்குப் போனோம். ‘ஸ்டெய்த்’ டேனியர் சொல், படகுத்துறை. அங்கே ஒரு மதுக்கடையில் ஒவ்வொரு வெள்ளமும் எதுவரை வந்தது என்று வருடம் போட்டுக் குறித்திருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டுக் குறி என் தலைக்கு மேலே.

துறையின் கல் விளிம்பில் உட்கார்ந்து அவள் கொண்டுவந்த டீயைக் குடித்தோம். தண்ணீர் காப்பி நிறத்தில், குச்சியும் நுரையுமாகப் போய்க்கொண்டிருந்தது. “மேல டேல்ஸ் மலையில நேத்து நல்ல மழையாம்” என்றாள். நாங்கள் வந்தபோது படகு கட்டும் இரும்பு வளையம் ஒன்று நீருக்கு ஒரு சாண் மேலே தெரிந்தது. டீ முடிந்து எழுந்தபோது வளையத்தின் கீழ்ப்பாதி நனைந்திருந்தது.

“கிளம்பலாம் அத்தை, ஏறுது” என்றாள்.